மகள் 100 மீட்டரை விட்டு 400-க்கு மாறலாமா? பி.டி. உஷாவின் ஓட்ட வாழ்க்கையை வைத்து ஒரு பதில்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி பயிரிடும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய 13 வயது மகள் குறுவட்டப் போட்டியில் 100 மீட்டரை 13.6 நொடியில் ஓடி முதலிடம் பெற்றிருக்கிறாள். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவளை 400 மீட்டருக்கும் தடை தாண்டும் ஓட்டத்துக்கும் பழக்கலாம் என்கிறார். "பி.டி. உஷா 100 மீட்டரில்தானே பேர் வாங்கினார், முதலாவதாக வரும் பிள்ளையை ஏன் மாற்ற வேண்டும், உஷா கடற்கரை மணலில் ஓடியதுபோல் இவளும் சின்னாற்று மணலில் ஓடினால் போதாதா?" என்பது அவருடைய கேள்வி. இதற்குள் எனக்கு இரண்டு கேள்விகள் தெரிகின்றன. உஷாவை உஷாவாக்கியது எது என்பது ஒன்று. 100 மீட்டரை விட்டு விலகுவது மகளுக்கு ஒரு படி இறக்கம் ஆகிவிடுமோ என்ற அச்சம் மற்றொன்று. முதல் கேள்விக்குச் சரியான விடை கிடைத்தால் இரண்டாவது அச்சம் பெரும்பாலும் தானே விலகிவிடும்.

நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சென்னை நந்தனத்தில் உள்ள உடற்கல்விக் கல்லூரியில் படித்தேன். பிறகு ஒரு கோடை விடுமுறையில் பாட்டியாலா சென்று தடகளத்தில் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சி பெற்றேன். உஷாவும் நானும் ஏறத்தாழ ஒரே வயது. அவர் ஓடிய ஒவ்வோர் ஓட்டத்தின் நேரத்தையும் செய்தித்தாளில் பார்த்து நோட்டில் எழுதி வைத்த தலைமுறையைச் சேர்ந்தவள் என்பதால், அவரைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பற்று கூடுதலாக இருக்கும். எனவே எது உறுதியான செய்தி, எது என் கணிப்பு என்பதை ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

உஷா 1964 ஜூன் 27 அன்று கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் உள்ள கூத்தாளியில் பிறந்து, பய்யோளியில் வளர்ந்தவர். வசதியற்ற வீடு, அடிக்கடி நோய்வாய்ப்படும் உடம்பு. 1976-இல் கேரள அரசு பெண்களுக்கென ஒரு விளையாட்டுப் பயிற்சி மையத்தைத் தொடங்கியபோது சேர்க்கப்பட்ட 40 பெண்களில் அவரும் ஒருவர். அங்கேதான் ஓ.எம். நம்பியார் அவருக்குப் பயிற்சியாளராக அமைந்தார். விமானப்படையில் பணியாற்றித் திரும்பியவர் அவர். மெலிந்த உடல்வாகும் வேகமான நடையும்தான் முதல் பார்வையில் தன் கண்ணில் பட்டன என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளை ஓடுவதற்கு முன் அவள் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கும் கற்பித்தார்கள். கால் தரையில் எவ்வளவு குறைந்த நேரம் தங்குகிறது என்பது நடையிலேயே தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு செய்தி இருக்கிறது. 1978-இல் கொல்லத்தில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான இளையோர் போட்டியில் உஷா ஆறு பதக்கங்கள் வென்றார். 100 மீட்டர், 200 மீட்டர், 60 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம், உயரம் தாண்டுதல் ஆகிய நான்கிலும் தங்கம். நீளம் தாண்டுதலில் வெள்ளி. 4x100 தொடர் ஓட்டத்தில் வெண்கலம். அப்போது அவருக்கு வயது 14. உங்கள் மகளைவிட ஒரு வயதுதான் மூத்தவர். அந்த வயதில் அவரை யாரும் 100 மீட்டருக்கென்று கட்டிப்போடவில்லை. ஓடினார், தடை தாண்டினார், உயரமும் நீளமும் தாண்டினார். ஆறு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அவர் தடைகளைத் தாண்டியபோது, அந்தக் கால்கள் அதை முன்பே அறிந்திருந்தன.

இனி, உங்கள் கேள்வியில் உள்ள 100 மீட்டருக்கு வருகிறேன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 16 வயதில் உஷா 100 மீட்டர்தான் ஓடினார். 12.27 நொடியில் தன் தகுதிச் சுற்றில் ஐந்தாவதாக வந்து அத்துடன் வெளியேறினார். 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100, 200 இரண்டிலும் வெள்ளி வென்றார். 100 மீட்டரில் அவரை வென்றவர் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா. ஆசிய அளவில் அது பெரிய சாதனைதான், ஐயமில்லை. ஆனால் உலக அளவில் அந்த நேரங்கள் எங்கே நின்றன என்பதைப் பார்க்க வேண்டும். 1984 ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டரை அமெரிக்காவின் ஈவ்லின் ஆஷ்ஃபோர்டு 10.97 நொடியில் வென்றார். அதற்கு அடுத்த ஆண்டு, தன் உச்சத்தில் இருந்த உஷா ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற நேரம் 11.64. காற்றும் களமும் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. இருந்தாலும் தோராயமாகக் கணக்கிட்டால், ஆஷ்ஃபோர்டு கோட்டைத் தொடும்போது உஷா ஏறத்தாழ 6 மீட்டர் பின்னால் இருப்பார். 100 மீட்டரில் 6 மீட்டர் பின்தங்கினால் ஒலிம்பிக் இறுதிச் சுற்றை நினைக்கவும் முடியாது.

அதே கணக்கை 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் தங்கம் வென்ற மொராக்கோவின் நவால் எல் முதவக்கில் ஓடியது 54.61 நொடி, உஷா ஓடியது 55.42 நொடி. இந்த இடைவெளியும் மீட்டரில் ஏறத்தாழ 6 மீட்டர்தான் வருகிறது. ஆனால் இது 400 மீட்டரில் 6 மீட்டர். 100 மீட்டரில் முதலிடத்தைவிட நூற்றுக்கு ஆறு பங்கு பின்தங்கியிருந்த அதே கால்கள், இங்கே நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவே பின்தங்கியிருந்தன. உஷாவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும் என்று நான் நினைக்கிறேன். நாட்டின் மிக வேகமான பெண்ணாக இருந்தபோது உலக அரங்கில் அவர் முதல் சுற்றிலேயே வெளியேறினார். தனக்குரிய தூரத்தைக் கண்டுகொண்டபோது ஒலிம்பிக்கின் முதல் நால்வரில் ஒருவரானார்.

அந்தத் தூரத்தை அடையாளம் கண்டவர் நம்பியார். 1983-இல் குவைத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 400 மீட்டரில் தங்கம் வென்றார். பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக 1984-இல்தான் சேர்க்கப்பட்டது. புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒரு போட்டியில், பல நாடுகளிலும் தேர்ந்தவர்கள் குறைவாக இருக்கும்போதே, வேகமும் தாக்குப்பிடிக்கும் திறனும் ஏற்கெனவே தாண்டிப் பழகிய கால்களும் உள்ள ஒரு பெண்ணை இறக்குவது என்ற முடிவுக்குப் பின்னால் எவ்வளவு சிந்தனை இருந்திருக்க வேண்டும் என்று நான் பல முறை வியந்திருக்கிறேன். அதற்கு முன் 1982-இல் கேரளத்தைச் சேர்ந்த எம்.டி. வல்சம்மா இதே ஓட்டத்தில் தில்லியில் ஆசியத் தங்கம் வென்றிருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. கேரளத்தில் அந்த ஓட்டத்துக்கு ஒரு பழக்கம் உருவாகியிருந்தது.

தடை தாண்டும் ஓட்டம் என்றால் வேகம் போதாதவர்களுக்கு ஒதுக்கப்படும் போட்டி என்று நம் பக்கத்தில் பல பெற்றோர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. பெண்களுக்கான 400 மீட்டரில் இரண்டரை அடி உயரத்தில், அதாவது 76.2 சென்டிமீட்டரில், 10 தடைகள் இருக்கும். புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், அடுத்தடுத்த தடைகளுக்கு இடையே 35 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீட்டர். இரண்டு தடைகளுக்கு இடையில் எத்தனை காலடி வைப்பது என்பதுதான் அந்த ஓட்டத்தின் உயிர். 15 அல்லது 17 என ஒற்றைப்படையில் வைத்தால் ஒவ்வொரு தடையையும் ஒரே காலை முன்னே நீட்டித் தாண்டலாம். களைத்துப்போய் அடி குறுகி 16 ஆகிவிட்டால் மறுகாலை நீட்ட வேண்டிவரும். இரண்டு கால்களிலும் தாண்டப் பழகாதவர்கள் அங்கே தடுமாறி வேகம் இழப்பார்கள். தொடை கட்டிக்கொண்டு மூச்சு முட்டும் கடைசி 100 மீட்டரில் இந்தக் கணக்கைக் கால் தானாகச் செய்ய வேண்டும். வேகம், பொறுமை, தாளம் மூன்றும் கூடிய பிள்ளைக்கே இது வசப்படும்.

லாஸ் ஏஞ்சலிஸில் அரையிறுதியை 55.54 நொடியில் வென்று உஷா இறுதிச் சுற்றுக்குப் போனார். ஆகஸ்ட் 8 அன்று நடந்த அந்த இறுதி ஓட்டத்தில் ஆஸ்திரேலியாவின் டெபி ஃபிளின்டாஃப் முந்திப் புறப்பட்டதால் ஓட்டம் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கப்பட்டது. இன்றைய விதிப்படி முந்திப் புறப்பட்டவர் உடனே நீக்கப்படுவார். அன்று முதல் முறைக்கு எச்சரிக்கை மட்டுமே. முடிவில் முதவக்கில் தங்கம், அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20 நொடியில் வெள்ளி, ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41 நொடியில் வெண்கலம், உஷா 55.42. நூறில் ஒரு நொடி என்பது அந்த வேகத்தில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர், நம் கையின் நான்கு விரல் அகலம். கோட்டைத் தொடுவதில் தலையும் கையும் காலும் கணக்கில் வருவதில்லை; உடற்பகுதி, அதாவது மார்பு, எப்போது கோட்டின் மேல் வருகிறது என்பதையே படக்கருவி பார்க்கும். அதனால்தான் கடைசி அடியில் மார்பை முன்னே சாய்க்கப் பழக்குகிறோம்.

மேலே சொன்னவை எல்லாம் பதிவில் உள்ளவை. இனிச் சொல்பவை அப்படியல்ல. முதல் துப்பாக்கி ஒலிக்கு உஷா மிக நன்றாகப் புறப்பட்டார், இரண்டாம் முறை அந்தப் புறப்பாடு அமையவில்லை என்று சொல்வார்கள். மார்பைச் சாய்த்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும் என்பார்கள். அங்கே தனக்குக் கஞ்சியும் ஊறுகாயுமே ஒத்துவந்தன, கடைசி 35 மீட்டரில் தெம்பு குறைந்ததற்கு அதுவே காரணம் என்று உஷாவே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஓடியவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் நூறில் ஒரு நொடி எங்கே போனது என்று எந்த நிபுணராலும் நிறுவ முடியாது. 55 நொடிகளில் அது போவதற்கு ஆயிரம் இடங்கள் உண்டு. மிகச் சில போட்டிகளை மட்டுமே ஓடிய அனுபவத்தோடு அந்த ஓட்டத்தின் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் நின்றார் என்பதே எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது. இது என் கணிப்பு. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜெர்மனியும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. அந்த ஆண்டு உலக சாதனையை 53.58 நொடியில் படைத்த மார்கரிட்டா பொனொமாரியோவா சோவியத் வீராங்கனை. அவர்கள் வந்திருந்தால் வரிசை மாறியிருக்கும். இதனால் உஷாவின் 55.42 சிறுத்துவிடவில்லை. அதை யாரும் அவருக்கு இலவசமாகத் தரவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகள்தான் அவருடைய முழு மலர்ச்சி. 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் 100, 200, 400, 400 மீட்டர் தடை தாண்டுதல், 4x400 தொடர் ஓட்டம் என ஐந்து தங்கமும், 4x100 தொடர் ஓட்டத்தில் வெண்கலமும் வென்றார். அந்த ஆண்டு பத்மஸ்ரீ விருது உஷாவுக்குக் கிடைத்தது. முதன்முதலாக வழங்கப்பட்ட துரோணாச்சாரியார் விருதுகளில் ஒன்று நம்பியாருக்குக் கிடைத்தது. 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200, 400, 400 மீட்டர் தடை தாண்டுதல், 4x400 தொடர் ஓட்டம் என நான்கு தங்கம். தொடர் ஓட்டத்தில் அவரோடு வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம் ஓடினார்கள். அந்தப் போட்டியில் இந்தியா முழுவதற்கும் கிடைத்ததே ஐந்து தங்கம்தான். அவர் தங்கம் வெல்லாத ஒரே ஓட்டம் எது தெரியுமா? நீங்கள் குறிப்பிட்ட 100 மீட்டர். அதில் மீண்டும் லிடியா டி வேகாவே வென்றார், உஷாவுக்கு வெள்ளி. உச்சத்தில் இருந்தபோதும் 100 மீட்டர் அவருடைய இரண்டாவது பலமாகவே இருந்தது.

1988 சியோல் ஒலிம்பிக்கில் குதிகால் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். அந்த ஆண்டு அவர்மீது வந்த கடுஞ்சொற்களை நான் மறக்கவில்லை. நான்கு ஆண்டுகள் தலையில் தூக்கி வைத்திருந்த கைகளே கல்லெறிந்தன. அவர் 1989 தில்லி ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கம் வென்று பதில் சொன்னார். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று வெள்ளி வென்றபின் விலகி, 1991-இல் வி. சீனிவாசனை மணந்தார். பிள்ளை பெற்ற பிறகு மீண்டும் களத்துக்கு வந்து 1994 ஹிரோஷிமாவில் தொடர் ஓட்ட வெள்ளி வென்றார். 1998-இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில், 34 வயதில், 200, 400 இரண்டிலும் ஆசிய வெண்கலமும் 4x100 தொடர் ஓட்டத்தில் தங்கமும் வென்றார். 2000-இல் ஓய்வு பெற்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மட்டும் 4 தங்கம், 7 வெள்ளி. 2022-இல் இளையராஜாவோடு ஒரே நேரத்தில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும், அந்த டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவரானதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2002-இல் கொயிலாண்டியில் அவர் தொடங்கிய தடகளப் பள்ளி பின்பு கினாலூருக்கு மாறியது. அங்கே உருவானவர்களில் மிகவும் அறியப்பட்டவர் டின்டு லூக்கா. அவருடைய ஓட்டம் 800 மீட்டர். 2010-இல் 1 நிமிடம் 59.17 நொடியில் ஷைனியின் தேசிய சாதனையை முறியடித்தார். தானே வேக ஓட்டக்காரராக இருந்தும், மாணவி எதற்குப் பொருந்துகிறாளோ அதில் ஓடவிட்டிருக்கிறார் உஷா. நம்பியார் தனக்குச் செய்ததை அவர் தன் மாணவிக்குச் செய்தார் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. உஷாவின் 55.42 என்ற தேசிய சாதனையை 39 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 நொடியை ஓடிச் சமன் செய்தார், மறுநாள் 55.68 நொடியில் வெண்கலமும் வென்றார். அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் தடை தாண்டும் வீராங்கனைதான். அன்று தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து நான் அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இனி உங்கள் மகள். அவளை நான் பார்த்ததில்லை. பார்க்காத பிள்ளைக்கு எந்த ஓட்டம் என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 13.6 என்ற எண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். குறுவட்டப் போட்டியில் ஸ்டாப் வாட்ச்சைக் கையால் அழுத்தித்தான் நேரம் எடுப்பார்கள். மின்னணுக் கருவியோடு ஒப்பிட்டால் 100 மீட்டரில் கைநேரம் ஏறத்தாழ கால் நொடி குறைத்தே காட்டும். அப்படியென்றால் அது 13.8-க்கு மேல். 13 வயதுக்கு நல்ல நேரம், நம்பிக்கை தரும் நேரம். அதோடு, இந்த வயதில் முதலில் பருவமடைந்து வளர்ந்த பிள்ளைகள் மற்றவர்களை எளிதாக முந்துவார்கள். 16 வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிட, அந்த முன்னிலை கரைந்துவிடும். உங்கள் மகள் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. 13 வயதில் 100 மீட்டரில் பெறும் முதலிடம் எதிர்காலத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும் என்கிறேன்.

இதை எனக்குக் கற்பித்தவள் பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருத்தி. ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் ஓடினாள். 100 மீட்டரில் மாவட்டத்தில் அவளுக்கு இணை இல்லை. மாநிலப் போட்டியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நான்காவது, ஐந்தாவது. ஒவ்வோர் ஆண்டும் புறப்பாட்டைத் திருத்தினேன், ஸ்டார்ட்டிங் பிளாக்கில் மணிக்கணக்காக உட்கார வைத்தேன். கடைசி 20 மீட்டரில் மற்றவர்கள் தளரும்போது அவள் மட்டும் தளராமல் வருவதை மூன்று ஆண்டுகளும் கண்ணால் பார்த்தேன். அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. கல்லூரிக்குப் போன முதல் ஆண்டில் அங்கிருந்த பயிற்சியாளர் அவளை 400 மீட்டர் ஓடச் சொன்னார். அந்த ஆண்டே பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்தாள். நான் செய்த தவறால் அவளுடைய மூன்று ஆண்டுகள் போயின. உங்கள் பள்ளி ஆசிரியர் எட்டாம் வகுப்பிலேயே இதைக் கவனித்துச் சொல்கிறார் என்றால், அவர் உங்கள் மகள் ஓடுவதைக் கடைசி மீட்டர் வரை பார்க்கிறார் என்று பொருள். அப்படிப் பார்க்கும் கண் கிடைப்பது அரிது.

ஆனால் 400 மீட்டர் தடை தாண்டுதலை இப்போதே ஓட வேண்டியதில்லை, ஓடவும் கூடாது. 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் 80 மீட்டர் தடை தாண்டுதல் இருக்கிறது. அதில் தாளம் பழகட்டும், இரண்டு கால்களாலும் தாண்டட்டும். 100, 200 தொடரட்டும். நீளம் தாண்டுதலிலும் இறங்கட்டும். 16 வயதுக்கு மேல் எது தங்கும் என்பது அவளுடைய உடலே சொல்லும்.

மணலைப் பற்றிக் கேட்டீர்கள். உஷா பய்யோளிக் கடற்கரையில் பயிற்சி செய்தது உண்மை. ஆனால் அலை வந்து நனைத்த கடற்கரை மணல் இறுகிக் கிடக்கும். காய்ந்த ஆற்று மணலில் கால் புதையும். புதையும் மணலில் கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் பலம் கூடும், ஆனால் கால் தரையில் அதிக நேரம் தங்கப் பழகிவிடும். அது வேக ஓட்டத்துக்கு எதிரானது. வாரத்துக்கு ஒரு நாள், 30 மீட்டர் அளவில் ஆறு ஏழு ஓட்டங்கள் போதும். அதைவிட நம் பகுதிக்கு இயற்கை தந்திருக்கும் நல்ல பயிற்சிக்களம் மேடு. புல்லோ மண்ணோ உள்ள மென்மையான சரிவில் மேல்நோக்கி 40 மீட்டர் ஓடி, நடந்து இறங்கட்டும். தார்ச்சாலையில் ஓடவிடாதீர்கள். சரளை பரவிய பள்ளித் திடலில் வெறுங்காலோடும் வேண்டாம். முன்காலெலும்பில் வரும் வலியை இங்கே பிள்ளைகள் வெளியில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள், அது எலும்பு விரிசலில் போய் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு வெளியே எதையும் தேட வேண்டாம். கேழ்வரகுக் களியும் கொள்ளும் கீரையும் நம் வீட்டில் இருப்பவை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதோடு தினமும் ஒரு முட்டை, பயறு, நிலக்கடலை சேருங்கள். பொடி டப்பாக்களையும், யாரோ தரும் மாத்திரை, ஊசிகளையும் அண்டவிடாதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய பின் தெரியாமல் எடுத்தேன் என்பதை எளிதில் ஏற்க மாட்டார்கள். உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுடைய ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. நம் மாவட்டத்துப் பெண்பிள்ளைகளில் சோம்பல், பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை என்று நாங்கள் திட்டிய பலருக்கு உண்மையில் இருந்தது அதுதான். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா என்று கேளுங்கள். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்தச் சத்து உடலில் சரியாகச் சேராது. மாதவிடாய் நாட்களில் ஓடலாம், தடையில்லை. பயிற்சி கூடக்கூட மாதவிடாய் நின்றுபோனால் அது நல்ல அறிகுறி அல்ல. மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதை அவளிடம் பேசும் பொறுப்பைத் தாயிடமோ ஒரு பெண் ஆசிரியரிடமோ ஒப்படையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உஷா ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஓடியபோது வயது 20, ஜகார்த்தாவில் 21, சியோலில் 22. என் 31 ஆண்டுகளில் என்னைவிட்டுப் போன நல்ல ஓட்டக்காரிகளில் பெரும்பாலோர் 17 வயதைத் தாண்டவில்லை. காயத்தால் போனவர்கள் மிகச் சிலர். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மாப்பிள்ளை பார்த்து நிறுத்தப்பட்டவர்கள், "வயசுக்கு வந்த பிள்ளை அரைக்கால் சட்டையோடு ஓடுவதா" என்று உறவினர் சொன்னதற்காக நிறுத்தப்பட்டவர்கள் பலர். ஒருத்தியின் தகப்பனாரிடம் மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். நான்காம் முறை போனபோது கதவில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. மகளை எந்த ஓட்டத்தில் விடுவது என்று யோசிக்கும் தகப்பனாகிய நீங்கள், அவள் 22 வயது வரை ஓடுவாள் என்று இப்போதே வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள். பாட்டி, அத்தை, சித்தப்பா அனைவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு அவள் ஒன்பதாம் வகுப்பு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 வகுப்புகளுக்குச் சேர்க்கை நடக்கும். கல்வியாண்டின் முடிவில் தேர்வு அறிவிப்பு வரும். தர்மபுரி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விடுதிக்கு அனுப்புவதா, வீட்டிலிருந்தே ஓடுவதா என்பதில் நான் ஒரு பக்கம் சாயமாட்டேன். உஷா விடுதியில் வளர்ந்தவர்தான், ஆனால் அங்கே நம்பியார் இருந்தார். விடுதியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் கட்டிலையும் பார்ப்பதோடு நிற்காமல், பயிற்சியாளர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார், பெண்பிள்ளைகளுக்குப் பெண் காப்பாளர் இரவில் உடன் தங்குகிறாரா என்று கேளுங்கள்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். வரும் சனிக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், உங்கள் ஆசிரியரோடு அவளை மாவட்ட விளையாட்டரங்குக்கு அழைத்துப் போங்கள். நன்றாக உடலைச் சூடேற்றிய பின் 60 மீட்டர் ஒரு முறை முழு வேகத்தில் ஓடட்டும். அரை மணி நேரம் ஓய்வுக்குப் பிறகு 300 மீட்டர் ஒரு முறை ஓடட்டும். இரண்டு நேரங்களையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 300 மீட்டரின் கடைசி 80 மீட்டரில் நீங்கள் கோட்டருகே நின்று அவளுடைய தோளைப் பாருங்கள்: தோள் காதை நோக்கி ஏறி, தலை பின்னுக்குச் சாய்கிறதா, அல்லது முதல் 50 மீட்டரில் இருந்தபடியே இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை இதையே திரும்பச் செய்யுங்கள். மூன்று முறை எழுதியபின் அந்த நோட்டை ஆசிரியர் முன் விரித்து வைத்து, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.